நாவலின் கதைசொல்லி ஆட்டிசம் உள்ள சிறுமி. மேடைக்குக் கொண்டுவரும்போது அவள் குரலைத் தொலைக்காமல் இருப்பது எப்படி?

ஒத்திகைக்காரி

நண்பர்களே, வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு நாவலை நாடகமாக்கிக்கொண்டிருக்கிறேன். எழுத்தாளர் வாய்மொழியாகச் சம்மதம் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை, அதனால் நாவலின் பெயரை இங்கே சொல்லவில்லை. கதை சொல்பவள் 14 வயதுப் பெண், ஆட்டிசம் உள்ளவள். நாவல் முழுக்க அவளுடைய நோட்டுப் புத்தகம்தான். அவள் பாட்டி இறந்துபோகிறாள். ஆனால் வீட்டில் ஒருவர்கூட "இறந்துவிட்டாள்" என்று அவளிடம் நேராகச் சொல்வதில்லை. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பாட்டிக்கு என்ன ஆயிற்று என்று அவளே குறிப்பெடுத்துக் கண்டுபிடிப்பதுதான் கதை.

சிக்கல் இரண்டாவது வாசிப்பு ஒத்திகையில் தெரிந்தது. சித்தப்பா, "பாட்டி தவறிட்டாங்கம்மா" என்கிறார். அவள், "எதில் தவறினார்கள்?" என்று கேட்கிறாள். நாவலில் இந்த இடத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒத்திகையில் ஏழு பேரும் சிரித்துவிட்டார்கள். கேலியாகச் சிரிக்கவில்லை, வசனம் விழுந்த விதம் அப்படி. அடுத்த பக்கத்தில் பெரியப்பா "காலமாயிட்டாங்க" என்றதும் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். மறுபடியும் சிரிப்பு. அந்த வேடத்தில் நடிக்கும் பெண் என் பக்கம் திரும்பி, "அக்கா, இன்னும் கொஞ்சம் சட்டுனு கேட்டா நல்லா விழும்ல?" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

புத்தகத்தில் நாம் அவளுக்குள் இருந்துகொண்டு சித்தப்பாவைப் பார்க்கிறோம். மேடையில் சித்தப்பா பக்கம் உட்கார்ந்து அவளைப் பார்க்கிறோம். அதே வசனம்தான், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

இன்னொன்று. நடிக்கும் பெண் ரொம்ப உழைப்பாளி. நிறைய காணொளிகள் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, கண்ணைப் பார்க்காமல் பேசுவது, ஏற்ற இறக்கமில்லாத குரல் எல்லாவற்றையும் ஒரே காட்சியில் செய்கிறாள். பார்க்க நெருடுகிறது. என்ன தவறு என்று அவளுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

நோட்டில் எழுதியிருப்பதை எப்படிக் கேட்கவைப்பது? பதிவு செய்த குரலாகப் பின்னணியில் ஓடவிடலாமா, அவளே பார்வையாளர்களைப் பார்த்துப் பேசலாமா? அரங்கேற்றத்துக்கு 9 வாரம் இருக்கிறது.

மூன்றாம்மணி

வணக்கம்மா. நான் ரொம்ப வருடமாக மேடை நிர்வாகம் பார்க்கிறவன். பதிவுக் குரல் வேண்டாம். மேடையில் உயிரோடு நிற்கிற பெண்ணின் வாயை மூடிவிட்டு, அவள் மனதை ஸ்பீக்கரில் கேட்கவைத்தால் அவள் இரண்டாகப் பிரிந்துபோவாள்.

இதே முடிச்சை ஒரு குழு அழகாக அவிழ்த்திருக்கிறது. மார்க் ஹேடன் 2003இல் எழுதிய 'தி கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' நாவலும் இப்படித்தான், 15 வயது கிறிஸ்டோபர் எழுதும் புத்தகம். பகா எண்களில் மட்டும் அத்தியாயங்களுக்கு எண் போட்டிருப்பான். சைமன் ஸ்டீபன்ஸ் அதை நாடகமாக்கினார், மரியான் எலியட் இயக்கினார். 2012இல் லண்டன் நேஷனல் தியேட்டரின் சிறிய அரங்கமான காட்டஸ்லோவில் அரங்கேறியது. பையன் எழுதியதைப் பையன் சொல்வதில்லை, அவனுடைய ஆசிரியை ஷிவோன் அந்தப் புத்தகத்தை வாசிக்கிறார். அவன் சொற்கள், அவனை நேசிக்கிற ஒருவரின் வாயில். அதனால் அவன் தன்னைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, வாழ்ந்தால் போதும்.

மற்ற நடிகர்களும் பெரும்பாலும் மேடையிலேயே இருப்பார்கள். ஃப்ரான்டிக் அசெம்ப்ளி என்ற குழுவைச் சேர்ந்த ஸ்காட் கிரஹாமும் ஸ்டீவன் ஹாகெட்டும் அசைவுகளை வடிவமைத்தார்கள். நடிகர்கள் அவனைத் தூக்குவார்கள், சுமப்பார்கள். முதலில் காட்டஸ்லோவில் பார்வையாளர்கள் நாலாபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். 2013இல் அப்போலோ தியேட்டருக்குப் போனபோது பன்னி கிறிஸ்டி மேடையையே கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள் மாதிரி ஒரு பெட்டியாக்கினார். ரயில் நிலையத்தில் அவன் திணறும்போது சத்தமும் வெளிச்சமும் எழுத்துகளும் அந்தப் பெட்டி முழுக்கப் பாயும். அவன் மனசுக்குள்ளே நம்மை உட்கார வைத்துவிட்டார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: நடிகை செய்து காட்ட வேண்டியதை மேடை செய்யட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. தேர்வில் தான் போட்ட கணக்கை நாடகத்தில் விளக்க வேண்டும் என்கிறான் பையன். நாடகத்துக்கு நடுவே வேண்டாம், எல்லாரும் வணங்கி முடித்த பிறகு சொல் என்கிறார் ஆசிரியை. கைதட்டல் ஓய்ந்த பிறகு அவன் திரும்பி வந்து கணக்கைப் போட்டுக் காட்டுவான். நாவலில் பின்னிணைப்பாக இருந்ததை அப்படி மேடைக்குக் கொண்டுவந்தார்கள்.

2013இல் லண்டன் நாடகங்களுக்கான ஒலிவியர் விருது 7, நியூயார்க்கின் பிராட்வே அரங்கத்துக்குப் போய் 2015இல் 5 டோனி விருது. இவ்வளவு பெரிய நாடகம் என்பதால், பணம் இருந்தால்தான் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிரியை வாசிப்பதற்குச் செலவே இல்லை. உங்கள் கதையில் அந்த நோட்டை யார் வாசிக்க உரிமை உள்ளவர்? அதை யோசியுங்கள்.

அப்புறம், ஒப்பந்தம் கையில் வராமல் விளம்பரம் அடிக்காதீர்கள். வாய்மொழிச் சம்மதத்தை நம்பிச் சிரமப்பட்டவன் நான்.

ஒலிமேசை

ஒத்திகைக்காரி, நான் நாடகங்களுக்கு ஒலி இயக்குகிறவன். எனக்கு ஆட்டிசம் உண்டு, 31 வயதில்தான் தெரிந்தது. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு எழுந்து போய்விட்டேன், மறுநாள்தான் திரும்பி வந்து பதில் எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் தாத்தா இறந்தார். "தாத்தா கண்ணை மூடிட்டார்" என்று அத்தை சொன்னாள். நான் அவர் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். மூடிய கண் திறக்கும் என்று காத்திருந்தேன். வலது இமையின் ஓரத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தது, கண் திறந்தால் அது உள்ளே போய் உறுத்துமே என்று விரலால் எடுத்தேன். யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கத்தினேன். அடம் பிடிக்கிறான் என்றார்கள். கண் திறக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேனே என்றுதான் கத்தினேன்.

எங்கள் வீட்டில் எல்லாரும் கூடும்போது இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, என்மேல் பிரியம் உள்ளவர்கள்தான். அந்தச் சிரிப்பைத்தான் உங்கள் ஒத்திகையிலும் கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது வேலைக்கு வருகிறேன். "எதில் தவறினார்கள்?" என்ற கேள்விக்குப் பிறகு உங்கள் பிரதியில் என்ன இருக்கிறது? ஒன்றும் இருக்காது, காட்சி நகர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். நாவலில் அது சரி, அடுத்த வரியில் அவள் நோட்டு தொடர்கிறது, நாம் அவளோடு இருக்கிறோம். மேடையில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நகர்ந்தால் அது ஜோக்கின் கடைசி வரி ஆகிவிடும். சித்தப்பாவைப் பதில் சொல்ல வையுங்கள். அவள் நிஜமாகவே கேட்டிருக்கிறாள். அவர் வாயைத் திறக்க வேண்டும், சொல் கிடைக்காமல் திணற வேண்டும். பார்வையாளர்களின் கண் அவர் முகத்துக்குப் போகட்டும். அந்தக் கேள்வியில் அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. "தவறு" என்ற சொல்லுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். இறந்துவிட்டாள் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் சொல்லை மறைத்துப் பேசுகிறவர் அவர்தான்.

இன்னும் ஒரு படி போகலாம். எல்லாரும் சொன்னதை அவள் நோட்டில் பட்டியலாக எழுதுகிறாள் இல்லையா? தவறினார். காலமானார். கண்ணை மூடினார். போய்ச் சேர்ந்தார். நம்மை விட்டுப் போய்விட்டார். இந்தப் பட்டியலைச் சித்தப்பா காட்சிக்கு முன்னாலேயே பார்வையாளர்கள் பார்த்துவிடட்டும். தமிழில் சாவைச் சொல்லாமல் சொல்ல எத்தனை வழி என்று அவர்களே திகைத்துப் போவார்கள். அதன் பிறகு சித்தப்பா வந்து இன்னொன்றைச் சொன்னால் விநோதமாகத் தெரிவது அவர்தான்.

உங்கள் நடிகைக்குச் சொல்ல வார்த்தை கேட்டீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கை உதறுவது ஒரு அடையாளம் இல்லை, அது ஒரு வேலை. அந்த நேரத்தில் அந்த வேலை எதற்கு?" நான் கை உதறுவது பெரும்பாலும் சந்தோஷத்தில். ஒரு குரல் பதிவு சுத்தமாக வந்துவிட்டால் மேசைக்குக் கீழே விரல்கள் தாமாக ஆடும். ஆட்களின் நடுவே இருக்கும்போது அடக்கிவைத்திருப்பேன், வீட்டுக்கு வந்தால் உடம்பெல்லாம் வலிக்கும். பல பெண்கள் இப்படிச் சிறு வயதிலேயே அடக்கி மறைக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள், அதனாலேயே அவர்களுக்கு ஆட்டிசம் இருப்பது தாமதமாகத் தெரிகிறது. உங்கள் கதையின் பெண் சித்தப்பா முன்னால் எதையெல்லாம் அடக்குகிறாள், தனியாக இருக்கும்போது எதை விடுகிறாள்? நடிகைக்கு நடிக்க இதில் எவ்வளவோ இருக்கிறது.

ஒலி பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். புலன் திணறல் என்றால் எல்லாரும் திடீரென்று பெரிய சத்தம் போடுவார்கள். எனக்குச் சத்தம் மட்டும் பிரச்சினை இல்லை, எல்லாச் சத்தமும் ஒரே வரிசையில் நிற்பதுதான் பிரச்சினை. உங்கள் மூளை எதிரில் பேசுகிறவரை முன்னால் நிறுத்தி மின்விசிறியைப் பின்னால் தள்ளிவிடும். என் மூளை தள்ளாது. ஆகவே வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மின்விசிறியையும் பழைய ட்யூப்லைட் சோக்கின் ரீங்காரத்தையும் பக்கத்து அறைக் கரண்டிச் சத்தத்தையும் வசனத்தின் அளவுக்கு மெல்ல மெல்ல ஏற்றுங்கள். அதற்குமேல் போக வேண்டாம். அவள் நோட்டுக்கு அடியில் ஒரு சின்ன மைக் ஒட்டிவிட்டால் பேனா கீறும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். இரண்டு நிமிடத்தில் பார்வையாளர்கள் வசனத்தைப் பிடிக்க முன்னால் சாய்வார்கள். அந்தச் சாய்தல்தான் என்னுடைய ஒவ்வொரு நாளும். விட்டு விட்டு மின்னும் வெளிச்சம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. உங்கள் நாடகத்தைப் பார்க்க முதலில் வருகிறவர்களே நாங்களாகத்தான் இருப்போம்.

கடைசியாக ஒன்று. டேமியன் மில்டன் என்ற ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012இல் ஒரு கருத்தை எழுதினார். எங்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்று மட்டும் சொல்வது பாதி உண்மை, மற்றவர்களுக்கும் எங்களைப் புரிவதில்லை, சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார். உங்கள் சித்தப்பா காட்சி முழுக்க அதுதான்.

விளிம்புநிலா

என் மகளுக்கு 16 வயது, ஆட்டிசம் உண்டு. மேலே அண்ணன் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "இமை முடி" என்று மூன்று முறை சொன்னாள். அவள் திருப்பிச் சொன்னால் அது மனதில் தைத்திருக்கிறது என்று அர்த்தம். எதிரொலி போலச் சொல்கிறாள், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று பல வருடம் மற்றவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு விஷயம் மட்டும்.

கத்தி அழும் காட்சி இருந்தால் அதை அடமாகக் காட்டிவிடாதீர்கள் அக்கா. அடம் பிடிக்கும் குழந்தை நடுவில் ஒரு தரம் நாம் பார்க்கிறோமா என்று பார்க்கும். என் மகள் தாங்க முடியாமல் உடையும்போது யாரையும் பார்ப்பதில்லை, கேட்டது கிடைத்தாலும் நிற்பதில்லை. முடிந்ததும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். எழுந்ததும் "சாரி" என்பாள். அந்த "சாரி"யைக் கேட்கும்போதுதான் எனக்கு அழுகை வரும். உடைவதைவிட அதற்குப் பிறகு வருகிற அமைதியைக் காட்டுங்கள்.

இன்னொன்று, விளம்பரத்தில் "மதியிறுக்கம்" என்று போடாதீர்கள். அவள் மதியில் ஓர் இறுக்கமும் இல்லை. ஆட்டிசம் என்றே போடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

மூன்றாம்மணி

தம்பி ஒலிமேசை எழுதியதைப் படித்த பிறகு நான் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நான் சொன்ன அந்த நாடகத்தில் கிறிஸ்டோபராக நடித்தவர்கள் பலர். தனக்கு ஆட்டிசம் உண்டு என்று வெளிப்படையாகச் சொன்ன ஒருவர் அமெரிக்காவில் அந்த வேடத்தில் மேடையேறியது 2017இல்தான். மிக்கி ரோ, இண்டியானா ரெபர்ட்டரி தியேட்டர் தயாரிப்பில். லண்டன் அரங்கேற்றம் முடிந்து ஐந்து வருடம் கழித்து. 2019இல் லண்டன் சவுத்வார்க் பிளேஹவுஸில் இன்னொரு நாடகம் வந்தது, அதில் மற்ற பாத்திரங்களுக்கு நடிகர்கள், ஆட்டிசம் உள்ள பையனுக்கு மட்டும் பொம்மை. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. குடும்பமே மனிதர்களாக நிற்கும்போது அந்தப் பிள்ளை மட்டும் ஏன் பொம்மை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

நடிகையை இந்த நேரத்தில் மாற்றச் சொல்லவில்லை. ஒத்திகை அறைக்குள் ஆட்டிசம் உள்ளவர் ஒருவர் இப்போதே வரட்டும், முழு ஒத்திகைக்கு விருந்தாளியாக அல்ல. நடிகருக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே அவருக்கும் கொடுங்கள்.

ஒத்திகைக்காரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். எல்லாருக்கும் நன்றி. ஒலிமேசை, உங்கள் தாத்தாவைப் பற்றி எழுதியதை உங்கள் அனுமதி கேட்டுக் குழுவுக்கு வாசித்தேன் இல்லையா, யாரும் எதுவும் பேசவில்லை. சித்தப்பாவாக நடிப்பவர் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

பட்டியலை முன்னால் கொண்டுவந்தோம். நோட்டை வாசிப்பது யார் என்று மூன்றாம்மணி ஐயா கேட்டதற்கு விடை கிடைத்தது: பாட்டி. இறந்துபோன பாட்டிதான் மேடையில் உட்கார்ந்து பேத்தியின் நோட்டை வாசிக்கிறாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, எழுத்துப் பிழை வரும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி. எழுத்தாளரிடம் கேட்டேன், உடனே சரி என்றார். ஒப்பந்தமும் வந்துவிட்டது.

"எதில் தவறினார்கள்?" இப்போது சிரிப்பு இல்லை. சித்தப்பா வாயைத் திறக்கிறார், மூடுகிறார், அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதத் தயாராகக் காத்திருக்கிறாள். பேனா மூடியை மட்டும் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி மூடுகிறாள். எங்களோடு உட்காரும் ஆட்டிசம் உள்ள தோழி ஒருத்தி சொல்லி, மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். சித்தப்பா பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிடுகிறார். 11 விநாடி. நேற்று எண்ணினேன்.

ஆனால் கடிகாரக் காட்சியில் இன்னும் சிரிப்பு வருகிறது. தோழியும் சிரிக்கிறாள். அதை வெட்டிவிடவா?

ஒலிமேசை

வெட்டாதீர்கள். எங்களுக்கும் சிரிப்பு வரும், நாங்களும் சிரிக்க வைப்போம். அவளோடு சேர்ந்து சிரித்தால் தப்பில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவள் நேரத்தை நோட்டில் எழுதட்டும், அதைச் சத்தமாகச் சொல்லட்டும்: "காலம் ஆனது 4 மணி 10 நிமிடம்." கடைசிக் காட்சியில் பாட்டி நோட்டை வாசிக்கும்போது அந்த வரிக்கு வரட்டும். பாட்டி அந்த நேரத்தைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நாடகம் போடும் நாள்களில் ஒரு நாளாவது, எங்களைப் போன்றவர்கள் சிரமமில்லாமல் பார்க்கத் தளர்வான காட்சியாகப் போடுங்கள். பார்வையாளர் பக்கத்து விளக்கை முழுதாக அணைக்காமல், ஒலியைக் குறைத்து, கதவைத் திறந்துவைத்து, எழுந்து நடக்கலாம், சத்தம் போடலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் ஒதுங்கி உட்கார அமைதியான ஓர் அறை வேண்டும். எந்தக் காட்சியில் எந்தச் சத்தம் வரும் என்று ஒரு பக்கத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்புங்கள். பிராட்வேயில் 2011 அக்டோபரில் 'தி லயன் கிங்' நாடகத்தை இப்படிப் போட்டார்கள். அந்தக் காட்சிக்கு ஒலிமேசையில் ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

விளிம்புநிலா

தளர்வான காட்சி போட்டால் எங்களுக்கு இரண்டு இருக்கை. கதவுக்குப் பக்கத்தில். மகள் கேட்கச் சொன்னாள்: பேனா மூடி என்ன நிறம்?